வண்டிக் கணிப்பொறியும் வானொலி இரைச்சலும்

தமிழ்த்துறை மலரில் மின்னியல் கட்டுரைக்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வினா முறையானதே. ஆயினும், அறிவியல் கருத்துகளைத் தமிழில் சொல்ல இயலாது என்பார்க்கு விடையாகத் தம் வாழ்நாளையே கலைச்சொல்லாக்கத்திற்கு ஈந்த மணவை முஸ்தபா (1935–2017) போன்றோர் பிறந்த சமுதாயத்தில் நாம் இருக்கிறோம். கலைச்சொற்களை அகராதியில் தொகுத்து வைப்பது ஒரு பணி. அவற்றைக் கொண்டு அன்றாடச் சிக்கல் ஒன்றை விளக்கிப் பார்ப்பது மற்றொரு பணி. இரண்டாவது பணியில் ஒரு சிறு முயற்சியே இக்கட்டுரை. இதற்கு எம்மைத் தூண்டியது புத்தகம் அன்று; ஒரு புயல்.

2011 டிசம்பர் 30ஆம் நாள் காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய காற்றில் பண்ருட்டிப் பகுதியின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசை வரிசையாய் வீழ்ந்தன. சிற்றூர்கள் பலவற்றிற்கு மின்சாரம் திரும்பப் பல வாரங்கள் ஆயின. யாம் அப்போது பரங்கிப்பேட்டையில் மைத்துனர் இல்லத்தில் தங்கியிருந்தோம். இறால் வணிகம் செய்பவர் அவர், வளைகுடாவிலிருந்து திரும்பியவர். தம் டீசல் வண்டியில் சிறு கணிப்பொறி ஒன்றைப் பொருத்தி வைத்திருந்தார். கொள்முதல் கணக்கு, வழிகாட்டும் நிலப்படம், திருக்குர்ஆன் கிராஅத் எல்லாம் அதில் அடக்கம். ஊரே அதை வேடிக்கை பார்த்தது.

புயல் கடந்த மறுநாள் மாலை. கைப்பேசிக் கோபுரங்கள் ஓய்ந்துவிட்டன. தெருவில் இருந்தவர்கள், எப்போது இணைப்பு வந்தாலும் பேசலாமே என்ற நம்பிக்கையில், தத்தம் கைப்பேசிக்கு மின்னேற்ற அவ்வண்டியைச் சூழ்ந்து நின்றனர். சிகரெட் பற்றவைக்கும் துளையில் ஒரு மின்னேற்றி, அதிலிருந்து கிளைத்த வடங்களில் நான்கைந்து கைப்பேசிகள், கணிப்பொறியின் பக்கத்தில் மேலும் இரண்டு. வண்டியின் வானொலியில் புதுவை நிலையத்தைத் திருப்பினோம். அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் சன்னலை ஒட்டி நின்றார். அவருடைய மகள் பேறுகாலத்திற்காகக் கடலூர் மருத்துவமனையில் இருந்தாள். புயலுக்கு முன்னாள் இரவு பேசியதோடு சரி. சாலையில் விழுந்த மரங்கள் அகற்றப்பட்டனவா என்பதே அவர் அறிய விரும்பிய ஒரே செய்தி.

"கடலூர் சிதம்பரம் சாலையில்..." என்று அறிவிப்பாளர் தொடங்கினார். அதன்பின் 'உய்ங்' என்ற சீழ்க்கையும் கரகரப்பும் அன்றி வேறொன்றும் கேட்கவில்லை. "ஏதோ சொல்றான் தம்பி, ஒண்ணும் வெளங்கலியே" என்றார் பெரியவர். மைத்துனர் ஒலியைக் கூட்டினார், இரைச்சலும் கூடியது. எதற்கும் பார்ப்போமென்று கணிப்பொறியை அணைத்து, மின்னேற்றியையும் பிடுங்கினார். அடுத்த நொடியே அறிவிப்பாளரின் குரல், எதிரில் அமர்ந்து பேசுவார்போல், தெளிவாக ஒலித்தது. ஆனால் செய்தி அதற்குள் வேறு மாவட்டத்திற்குப் போய்விட்டது. மறுநாள் விடியலில் பெரியவரின் மகன், சாலை எப்படியென்று அறியாமலே, மோட்டார் சைக்கிளில் புறப்பட்டான். நண்பகலுக்குள் திரும்ப வேண்டியவன் இருட்டிய பின்பே திரும்பினான். பேத்தி பிறந்த செய்தியோடு வந்தான், அல்ஹம்துலில்லாஹ். அந்த ஒரு பகல் முழுதும் பெரியவர் திண்ணையில் அமர்ந்திருந்த கோலம் எம் மனத்தை விட்டு அகலவில்லை. குறுக்கே வந்தது புயலன்று. நாமே காசு கொடுத்து வாங்கி மாட்டிய ஒரு சிறு மின்கருவி.

மதகு திறந்து மூடும் ஓசை

கணிப்பொறி வானொலியை ஏன் கெடுக்க வேண்டும்? விடை கணிப்பொறியில் பாதி, அதற்கு மின்சாரம் ஊட்டும் பெட்டியில் பாதி. வண்டியின் மின்கலத்தை 12 வோல்ட் என்கிறோம். ஓய்வில் அது 12.6 அளவில் நிற்கும். எஞ்சின் ஓடும்போது 14ஐத் தாண்டும். சாவியைத் திருப்பிக் கிளப்பும் கணத்தில் 9க்கும் கீழே விழும். கணிப்பொறியோ 12, 5, 3.3 வோல்ட் என்று அளவு பிசகாத மின்னழுத்தங்களைக் கேட்பது. ஏறி இறங்கும் ஒன்றிலிருந்து அசையாத மூன்றைப் பெற வேண்டும்.

பழைய முறையில் மிகுதியான மின்னழுத்தத்தை வெப்பமாக்கி எரித்துவிடுவர். 14 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டாக்கி 2 ஆம்பியர் எடுத்தால், பயன்படுவது 10 வாட்; வீணாவது 18 வாட். விளைச்சலை விடப் பதர் மிகுதி. ஆகவே இக்காலப் பெட்டிகள் வேறு வழியைக் கையாள்கின்றன. வீராணத்து மதகை எண்ணிக்கொள்க. கால்வாய்க்குப் பாதி நீர்தான் வேண்டும் என்றால், மதகைப் பாதி திறந்து வைக்கலாம். அல்லது முழுதும் திறந்து, முழுதும் மூடி, மீண்டும் திறந்து, சராசரியில் பாதி நீரை விடலாம். இரண்டாவது முறையில் எதுவும் தேய்வதில்லை, வீணாவதில்லை. மின்பெட்டியில் இந்தத் திறப்பும் மூடலும் ஒரு நொடிக்கு இலக்கம் முறைக்கு மேல் நிகழும். துண்டு துண்டாய் வரும் மின்னோட்டத்தைக் கம்பிச்சுருளும் மின்தேக்கியும் தாங்கிச் சமனாக்கித் தரும். மின்தேக்கி என்பது நம் ஊர் மெக்கானிக்குகள் 'கண்டென்சர்' என்று வழங்கும் பொருளே.

மதகு படீரென மூடும்போது நீர் கரையில் மோதும் அன்றோ? அந்த மோதல்தான் இரைச்சல். மின்னோட்டம் எவ்வளவு வேகமாக வெட்டப்படுகிறதோ அவ்வளவுக்கு அதன் மேற்சுரங்கள் பெருகும். வீணைத் தந்தியை மீட்டினால் அடிப்படைச் சுரத்தோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு அதிர்வுகளும் உடன் எழுவதை இசை கற்றோர் அறிவர். நொடிக்கு 135 ஆயிரம் முறை, அதாவது 135 கிலோஹெர்ட்ஸில் வெட்டும் பெட்டியின் ஒன்பதாம் மடங்கு எது? 1215. அன்று யாம் கேட்க முயன்ற புதுவை வானொலியின் மத்திய அலை எண்ணும் அதுவே. அறிவிப்பாளர் அமர்ந்த ஆசனத்திலேயே இரைச்சலும் அமர்ந்துகொண்டது. இரண்டும் மிகச் சரியாகப் பொருந்துவதும் இல்லை; மின்பெட்டியின் எண் வெப்பத்திற்கும் சுமைக்கும் ஏற்பச் சற்று நகரும். நிலையம் 1215இலும் மேற்சுரம் 1216இலும் நின்றால், இடைப்பட்ட 1 கிலோஹெர்ட்ஸ் நம் செவிக்குச் சீழ்க்கையாகக் கேட்கும். கணிப்பொறி கடினமான வேலையில் இறங்கும்போது அச்சீழ்க்கை குரல் மாறி ஊளையிடுவது இதனால்தான். கைப்பேசி மின்னேற்றிக்குள் இருப்பதும் இதே மதகுதான், அளவில் சிறியது, அவ்வளவே.

மத்திய அலையில் குரல் ஏறிவருவது அலையின் உயரத்தில். இரைச்சலும் உயரத்தையே கூட்டிக் குறைப்பதால், வானொலிப் பெட்டியால் இரண்டையும் பிரிக்க இயலாது. பண்பலையில் குரல் அலையின் எண்ணிக்கை மாற்றத்தில் ஏறுகிறது. உயரத்தில் எழும் கரடுமுரடுகளைச் செதுக்கி எறிந்துவிடலாம். அமெரிக்கரான எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1933இல் காப்புரிமை பெற்ற இம்முறையின் நோக்கமே இரைச்சலை வெல்வதுதான். எனினும் பண்பலையும் முற்றிலும் தப்பவில்லை. கணிப்பொறியின் உள்ளே ஓடும் கடிகாரத் துடிப்புகளில் ஒன்று 33.3 மெகாஹெர்ட்ஸ் எனக் கொண்டால், அதன் மும்மடங்கு 100. காரைக்கால் பண்பலையின் 100.3க்கு மிக அருகில். நிலையம் தொலைவில் இருந்து, வரும் அலை மெலிந்திருந்தால், அண்டை வீட்டுக் கூச்சலே எடுபடும்.

கணிப்பொறி வானலையில் பேசும் என்பது புதிய கண்டுபிடிப்பும் அன்று. 1975இல் கலிபோர்னியாவில் கணிப்பொறி ஆர்வலர் கூட்டமொன்றில் ஸ்டீவ் டாம்பியர் என்பார், ஆல்டேர் என்னும் பெட்டியின் அருகே ஒரு சிறு வானொலியை வைத்து, கணிப்பொறி கசியவிட்ட இரைச்சலையே பாட்டாக இசைக்கச் செய்து அவையோரை வியப்பில் ஆழ்த்தினார். நான்கு ஆண்டுகளில் அந்த வேடிக்கை வழக்காயிற்று. வீட்டுக் கணிப்பொறிகள் தொலைக்காட்சியைக் கெடுக்கின்றன என்ற முறையீடுகள் பெருக, 1979இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் கணிப்பொறிகளின் கசிவுக்கு எல்லை வகுத்தது. உலக அளவில் இவ்வகைக் குறுக்கீட்டை ஆராய்ந்து அளவுகோல் வகுக்கும் சிஸ்பர் என்னும் குழு 1934 முதலே இயங்கிவருகிறது. அளவுகோல் இருக்கிறது. விலை மலிந்த மின்னேற்றியைச் செய்பவர், வடிகட்டும் உறுப்புகள் இரண்டை விட்டுவிட்டால் சில ரூபாய் மிச்சம் என்று கருதுவதும் இருக்கிறது.

வாங்குவதற்கு முன் பிரித்தறிதல்

புயலின் சுவடுகள் ஓரளவு மறைந்தபின், மைத்துனர் வண்டியைக் கடலூர் செம்மண்டலத்தில் ஒரு பணிமனைக்குக் கொண்டுபோனார். யாமும் உடன் சென்றோம். அங்கிருந்த இளைஞர் வானொலிக்குச் செல்லும் மின்கம்பியில் வடிகட்டி ஒன்றைப் பொருத்தினார். விலை கொஞ்சநஞ்சமன்று. ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாவதாக அதனினும் பெரியதொன்றைப் பொருத்தினார். அப்போதும் இல்லை. அவரைக் குறை சொல்வதற்கில்லை. மருந்து நல்ல மருந்துதான், நோய் வேறு. பணிமனை மூலையில் ஒரு பழைய ஜீப்பின் அடியில் கிடந்த முதிய மெக்கானிக் ஒருவர் தலையை மட்டும் வெளியே நீட்டி, "பாய், மொதல்ல ஏரியல புடுங்கிட்டுக் கேட்டுப் பாருங்க" என்றார். இக்கட்டுரையில் யாம் எழுதப்போவன எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரையே.

இரைச்சல் வானொலியை அடைய இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று கம்பி வழி. மின்கலத்திலிருந்து இரு கருவிகளும் பங்கிட்டுக்கொள்ளும் மின்கம்பியில் ஊர்ந்து வருவது. மற்றது காற்று வழி. கணிப்பொறியின் கம்பிகளே சிறு ஒலிபரப்புக் கோபுரங்களாகி வீச, வண்டியின் ஏரியல் அதைப் பற்றிக்கொள்வது. ஏரியலின் செருகியை வானொலியின் பின்புறத்திலிருந்து பிடுங்கிய பின்னும் இரைச்சல் நீடித்தால், அது கம்பி வழி வந்தது. பிடுங்கியவுடன் மறைந்தால் காற்று வழி. எம் வண்டியில் செருகியைப் பிடுங்கியவுடன் வானொலி ஊமையாயிற்று. மின்கம்பியில் எத்தனை வடிகட்டி பொருத்தினும் பயனில்லாமற் போன காரணம் அப்போது விளங்கியது. கதவு வழியே வராத கள்வனுக்குக் கதவில் இரட்டைப் பூட்டு!

இதற்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இரைச்சல் எதனோடு ஏறி இறங்குகிறது? எஞ்சினை முடுக்கும்போது 'டிக் டிக்' என்ற ஒலி விரைந்தால் பெட்ரோல் வண்டியின் தீப்பொறிச் செருகிகளே காரணம். டீசல் வண்டிக்குத் தீப்பொறி இல்லையாதலால் அந்த ஐயம் எமக்கு எழவில்லை. முடுக்கத்தோடு சேர்ந்து 'ங்ஙீ' என்று மேலேறும் முனகல் என்றால், நம்மவர் டைனமோ என்றே சொல்லிப் பழகிவிட்ட ஆல்டர்னேட்டரின் வேலை. எஞ்சினை அணைத்த பின்னும், கணிப்பொறி ஓடும் வரை மாறாது ஒலித்தால், குற்றவாளி கணிப்பொறியின் மின்பெட்டியே. இதற்குக் கருவி ஏதும் வேண்டா. சாவியும் செவியும் போதும். ஒவ்வொன்றாக அணைத்துக் கேட்க வேண்டும். இரண்டை ஒருசேர அணைக்கலாகாது. புயல் மாலையில் மைத்துனர் செய்த பிழை அதுதான். கணிப்பொறியையும் மின்னேற்றியையும் ஒருங்கே நிறுத்தியதால், யார் குற்றவாளி என்பது எங்களுக்குத் தெரியாமலே போயிற்று. பின்னர்ப் பிரித்துப் பார்த்தபோது கரகரப்பு மின்னேற்றியுடையது, சீழ்க்கை கணிப்பொறியுடையது என்று தெரிந்தது.

மின்பெட்டி எத்தனை கிலோஹெர்ட்ஸில் வெட்டுகிறது என்பதை அறியவும் வானொலியே போதும் என்பது எமக்கு வியப்பளித்த செய்தி. எஞ்சினை அணைத்து, கணிப்பொறியை மட்டும் ஓடவிட்டு, மத்திய அலை முழுவதையும் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெல்லத் திருப்பிச் சென்றோம். சீழ்க்கை உரத்தெழுந்த இடங்களைத் தாளில் குறித்தோம்: 675, 810, 945, 1080, 1215, 1350. அடுத்தடுத்த எண்களைக் கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் 135. யாப்பில் சீர் பிரிக்கும் மாணவன் அடி எங்கே முடிகிறது என்று கண்டுகொள்வது போல, பெட்டியின் துடிப்பு அகப்பட்டுவிட்டது. இடைவெளி சீராக இருந்தால் மூலம் ஒன்று. சீர் குலைந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகள் பாடுகின்றன என்று கொள்க.

எந்தக் கம்பி மிகுதியாக வீசுகிறது என்றறிய, மின்கலத்தில் ஓடும் கைவானொலி ஒன்றை நிலையம் இல்லாத இடத்தில் திருப்பி வைத்து, வண்டிக்குள் கம்பிகளின் ஓரமாக நகர்த்திச் செல்ல வேண்டும். அதனுள் இருக்கும் கரிய ஃபெரைட் தண்டே அதன் மத்திய அலை ஏரியல். கைவானொலியைத் திருப்பத் திருப்ப ஒலி கூடியும் குறைந்தும் வருவது இத்தண்டு திசையறிவதால். எம் சோதனையில் மின்பெட்டியைவிட, அதிலிருந்து கணிப்பொறிக்குப் போகும் இரண்டு முழக் கம்பியே பெரிதும் கூச்சலிட்டது. செம்பும் சிவப்புமாய்த் தனித்தனியே, வண்டியின் இருபுறமும் கிடந்த கம்பிகள் அவை.

உப்புக்காற்றின் பங்கு

வேலை தொடங்கியது. முதலில் மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றினோம். இதைச் செய்யாமல் வண்டியின் கம்பிகளில் கை வைப்பது அறிவுடைமையாகாது. நேர்க்கம்பியையும் எதிர்க்கம்பியையும் கயிறு திரிப்பதுபோல் நெருக்கமாக முறுக்கினோம். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒட்டியே செல்லும்போது, ஒன்றின் வீச்சை மற்றொன்று பெரும்பாலும் அழித்துவிடும். இது செலவில்லாத மருந்து. கணிப்பொறிக்குத் தனிக் கம்பி மின்கலத்திலிருந்தே இழுத்து, மின்கலத்தின் அருகில் உருகி ஒன்றும் வைத்தோம். 90 வாட் கேட்கும் கணிப்பொறி 12 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் இழுக்கும். மெல்லிய கம்பியும் உருகியின்மையும் சேர்ந்தால் தீ.

அடுத்தது ஃபெரைட் வளையம். கணிப்பொறித் திரைகளின் வடத்தில் உருளைபோல் தடித்து நிற்குமே, அதன் உள்ளிருப்பது இதுவே. அத்தகைய கவ்வும் வளையங்கள் சிலவற்றை வாங்கி மாட்டினோம். பண்பலையில் பயன் தெரிந்தது. மத்திய அலையில் ஒன்றுமில்லை. ஒருமுறை மட்டும் கம்பி நுழையும் சிறு வளையம் மத்திய அலையின் தாழ்ந்த எண்களுக்குப் போதாது. பெரிய வளையம் ஒன்றில் இரு கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்து எட்டுச் சுற்றுச் சுற்றினோம். சுற்றுகளின் வர்க்கத்திற்கேற்பத் தடை பெருகும். எட்டுச் சுற்று என்றால் ஒரு சுற்றைப்போல் அறுபத்து நான்கு மடங்கு. இரு கம்பிகளையும் ஒன்றாகச் சுற்றுவதன் காரணம், எதிரெதிரே ஓடும் பெரிய மின்னோட்டங்கள் ஒன்றையொன்று சமன்செய்து, வளையத்தின் ஆற்றலைத் தின்றுவிடாமல் விடுகின்றன என்பது. மின்பெட்டியின் வாயிலிலேயே 0.1 மைக்ரோபாரடு மின்தேக்கி ஒன்றைக் கால்களைக் குறுக்கி இணைத்தோம். அதன் பக்கத்தில் 2200 மைக்ரோபாரடு கொண்ட பெரியதொன்றையும். சிறியது விரைந்த துடிப்புகளையும், பெரியது மெதுவான அலைவுகளையும் விழுங்கும். மின்பெட்டியை ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்து, அப்பெட்டியை வண்டியின் உடலோடு திருகினோம்.

சீழ்க்கை பாதியாயிற்று. போகவில்லை.

மீண்டும் செம்மண்டலத்து முதியவரிடமே போனோம். அவர் மின்பெட்டியை ஏறெடுத்தும் பாராமல், வண்டியின் முன் மட்கார்டில் நின்ற ஏரியலைப் பிடித்து ஆட்டினார். வானொலியில் கரகரவென்றது. "எந்த ஊரு வண்டி?" என்றார். பரங்கிப்பேட்டை என்றதும் சிரித்தார்.

ஏரியலிலிருந்து வானொலிக்கு வரும் வடத்தில் நடுவே ஒரு கம்பி, அதைச் சுற்றிப் பின்னலாய் ஓர் உறை. நடுக்கம்பி ஒலியைச் சுமக்கிறது. உறை அதற்குக் காவல். அந்த உறை, ஏரியலின் அடியில் வண்டியின் இரும்புடலைத் தொட்டு நிற்க வேண்டும். தொடுகை நன்றாயின், வண்டிக்குள் அலையும் இரைச்சல் உறையோடு நின்று இரும்பில் வடிந்துவிடும். தொடுகை அறுந்தால் காவலனே கள்வனாகி, வண்டிக்குள் கிடக்கும் அவ்வடம் முழுவதும் ஏரியலாக மாறி, கணிப்பொறியின் கூச்சலை அருகிருந்தே அள்ளிக்கொடுக்கும். எம் வண்டியின் ஏரியல் அடியைக் கழற்றியபோது, கடற்கரை உப்புக்காற்றில் துரு உப்பிப் பொருக்காய் உதிர்ந்தது. மின்தடைமானியால் அளந்தோம். உறைக்கும் உடலுக்கும் இடையே ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டிய தடை நாற்பதைத் தாண்டி ஆடிக்கொண்டிருந்தது. துருவைச் சுரண்டி, வெள்ளிரும்பு தெரியுமட்டும் உப்புத்தாளால் தேய்த்து, பல் வைத்த வளையம் ஒன்றிட்டு இறுக்கி, மேலே வாசலின் தடவினார். கூலியாக அவர் கேட்டது, முதலில் வாங்கிய வடிகட்டிகளின் விலையில் பத்தில் ஒரு பங்கும் இராது. கணிப்பொறியை ஓடவிட்டு 1215ஐத் திருப்பினோம். நாதசுவரம் கேட்டது, அதன் பின்னணியில், உற்றுக் கேட்டால் மட்டும், மெல்லிய 'உய்'.

இதில் யாம் கற்றது ஒன்றுண்டு. கணிப்பொறி புதிது, ஆகவே குற்றம் அதனுடையது என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். இரைச்சலைப் பிறப்பித்தது கணிப்பொறிதான், ஐயமில்லை. ஆனால் அதை வானொலிக்குள் அழைத்துவந்தது ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி வளர்ந்த துரு. கணிப்பொறி வருமுன்பே அது அங்கே இருந்தது. சுமந்துவர இரைச்சல் இல்லாததால் வெளிப்படவில்லை. தேவனாம்பட்டினம் முதல் கிள்ளை வரை கடலோரத்தில் வண்டி வைத்திருப்போர், எதையும் வாங்குமுன் ஏரியலின் அடியைக் கழற்றிப் பார்ப்பது நன்று.

கைப்பேசி மின்னேற்றியின் கரகரப்புக்கு மருந்து ஏதும் எமக்கு அகப்படவில்லை. அதன் உறைக்குள் வடிகட்டி வைக்க இடமும் இல்லை. கடையில் வாங்கும்போதே ஒரு கைவானொலியை மத்திய அலையில் ஓடவிட்டு அருகே பிடித்துப் பார்ப்பது ஒரு வழி. கடைக்காரர் விந்தையாகப் பார்ப்பார், பார்க்கட்டும். மற்றொரு வழி, செய்தி நேரத்தில் அதைப் பிடுங்கிவிடுவது. இவ்விடத்தில் மற்றொன்றையும் சொல்லிவிட வேண்டும். புயல் நாள்களில் மின்னேற்றவும் வானொலி கேட்கவும் வண்டியில் அமர்வோர், மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டு அமரலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குவது போலவே உயிரைக் கொண்டுபோகும்.

நம் கடற்கரை ஊர்களின் மூத்தோர் பலர்க்கு வானொலி வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. பிறை கண்ட செய்திக்காக மஃரிபுக்குப் பின் பெட்டியைச் சூழ்ந்து அமர்ந்ததும், நோன்பு நாள்களில் இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையைக் கடல் கடந்துவரும் அலையில் தேடிப் பிடித்ததும் இன்னும் நினைவில் வாழ்கின்றன. தொலைவிலிருந்து வரும் மெலிந்த அலைக்குத்தான் இரைச்சலால் இடர் மிகுதி. அருகில் உள்ள நிலையம் எப்படியும் கேட்கும். மின்சாரமும் கோபுரமும் போனபின், தொலைவிலிருந்து ஒலிப்பதே எஞ்சியிருக்கும்.

2020 நவம்பர் 25 நள்ளிரவையொட்டி நிவர் புயல் மரக்காணம் அருகே கரையேறியபோது, யாம் மீண்டும் பரங்கிப்பேட்டையில் இருந்தோம். வண்டிக் கணிப்பொறியை மைத்துனர் அதற்குள் கழற்றியிருந்தார். அதன் வேலையெல்லாம் கைப்பேசிக்குள் அடங்கிவிட்டது. முறுக்கிய கம்பிகளும் தகரப் பெட்டியும் இருக்கையின் அடியில் அப்படியே கிடந்தன. காற்று தணிந்த மறுநாள் காலை, மின்சாரம் இல்லாத தெருவில், அண்டை வீட்டுப் பெரியவர் தம் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியருகே வந்தார். ஒன்பதாம் அகவையை எட்டவிருந்த அச்சிறுமி, பற்றவைக்கும் துளையின் மேல் ஒட்டியிருந்த தாளை எழுத்துக் கூட்டாமலே உரக்கப் படித்தாள்: "செய்தி நேரத்தில் சார்ஜரைக் கழற்றவும்." படித்துவிட்டுத் தானே கழற்றினாள்.